பொட்டு வைத்த கண்ணாடி

ஆயுத பூஜைக்கு எதற்கு வேண்டுமானாலும் பொட்டு வையுங்கள். சுத்தியலுக்கு வையுங்கள், லேத் மெஷினுக்கு வையுங்கள், வாசலில் நிற்கும் லாரியின் முகப்பில் பட்டையாகவே போடுங்கள். பொட்டோடு சுத்தியல் அடிக்கும். பொட்டோடு லாரி ஓடும். ஆனால் கண்ணில் மாட்டிக்கொள்கிற கண்ணாடியின் இரண்டு வில்லையிலும் நட்டநடுவே சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமமும் வைத்துவிட்டால் அதைப் போட்டுக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது? இந்தக் கேள்வியை ரயிலில் கேட்டேன், ஆஸ்பத்திரியில் கேட்டேன், பட்டறையில் கேட்டேன், வீட்டில் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் வருவதில்லை. கடவுள் விஷயத்தில் வம்பு பேசுகிறவள் என்று என்னைத்தான் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

நான் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. கணவர் சொந்த நிலத்தில் நெல் பயிரிடுகிறார். எங்களுக்கு ஒரே மகன். அறுபதுகளில் அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அதனால் பள்ளிக்கூடத்துக்கே கூட்டிக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார வைத்துவிடுவேன். எட்டாம் வகுப்புக்கு அறிவியலில் கண் என்று ஒரு பாடம் உண்டு. கரும்பலகையில் பெரிய வட்டமாகக் கண்ணை வரைவேன். முன்னால் கடிகாரத்துக் கண்ணாடி போல கார்னியா. அதற்குப் பின்னால் ஐரிஸ் என்னும் பழுப்புத் திரை. அந்தத் திரையில் ஓர் ஓட்டை, அதுதான் பாப்பா. ஓட்டைக்குப் பின்னால் லென்ஸ். உள்ளே முட்டையின் வெள்ளைக்கரு போலக் கொழகொழவென்று ஒரு பொருள். கடைசியில் படம் விழுகிற விழித்திரை.

வரைந்து முடித்ததும் வகுப்பின் ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்வேன். பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே நின்று ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்க வேண்டும். பிறகு சட்டென்று ஒரு ஜன்னலைத் திறப்பேன். "சுருங்குது டீச்சர், சுருங்குது!" என்று வகுப்பே கத்தும். எல்லோரையும்விட உரக்கக் கத்தியது கடைசி வரிசையில் இருந்த என் மகன். பாடம் படிக்கிற வயது வருவதற்கு முன்பே கண்ணின் படத்தை சிலேட்டில் வரைந்துவிடுவான். எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாத பிள்ளை இல்லை அவன். எனக்கு ஆற்றாமையே அதுதான்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் தொழிற்பேட்டை வந்தது. வேர்க்கடலை போட்டிருந்த கொல்லைகளில் தகரக் கூரைகள் எழுந்தன. இரும்பை உருக்கி அச்சில் வார்க்கும் ஒரு ஷெட்டில் மகனுக்கு வேலை கிடைத்தது. வார்த்து எடுத்த இரும்பின் ஓரங்களில் பிசிறு நிற்குமாம். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து அதைப் பெயர்த்தெடுக்க வேண்டும். அவர்களுடைய உளிகளை நான் பார்த்திருக்கிறேன். அடி வாங்கி வாங்கி அவற்றின் தலை காளான் போல விரிந்து, விளிம்பெல்லாம் பிளந்து கிடக்கும். எந்த அடியில் எந்தத் துணுக்கு எங்கே பறக்கும் என்று யாருக்கும் தெரியாது. கம்பெனி ஆளுக்கொரு பாதுகாப்புக் கண்ணாடி கொடுத்திருந்தது. தலைக்குப் பின்னால் ரப்பர் பட்டை போட்டு இழுத்து மாட்டுகிற தடித்த கண்ணாடி. மகனும் போட்டுக்கொண்டுதான் வேலை செய்தான். அதைப் பற்றி எனக்குக் குறையில்லை.

ஆயுத பூஜையன்று குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஷெட்டைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, தோரணம் போட்டிருந்தார்கள். சாமி படத்துக்கு முன்னால் பலகையில் சுத்தியல், உளி, ஸ்பேனர், அவற்றுக்கு நடுவே வரிசையாகக் கண்ணாடிகள். மேஸ்திரி குளித்துவிட்டு வந்து தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். கண்ணாடிகளுக்கு வில்லைக்கு ஒன்றாக இரண்டிரண்டு. அப்போது அவை ஆந்தைகள் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தன. பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி கடலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

அந்த ஷெட்டில் ஒரு வழக்கம் இருந்தது எனக்குத் தெரியாது. பூஜையில் வைத்த பொட்டை யாரும் கையால் துடைக்கக் கூடாது. தானாக உதிர வேண்டும். சுத்தியலில் இருக்கும் பொட்டு வேலை செய்யச் செய்ய உதிர்ந்துவிடும். கண்ணாடியைப் போட்டால்தானே உதிரும்? பொட்டு உதிராமல் போட முடியாது, போடாமல் பொட்டு உதிராது. ஆகவே கண்ணாடிகளைச் சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிவிட்டு, உளியை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரும் வேலைக்குத் திரும்பினார்கள். என் மகனும்தான்.

அந்த வாரமே ஒரு நாள் மாலை வலது கண் சிவந்து வந்து நின்றான்.

"இன்னாடா கண்ணு இப்டி செவந்துகீது?"

"தூசும்மா. மேஸ்திரி எடுத்துட்டாரு."

"எதால எடுத்தாரு?"

"லாட்டரி சீட்டால. முனைய மடிச்சி ஓரமா ஒரு இழுப்பு. கருப்பா வந்துட்ச்சி. ஷெட்டுல எல்லாரும் பாத்தாங்க. நான்கூட பாத்தேன்."

"எந்தக் கண்ணால பாத்தே?"

"நல்ல கண்ணாலதான்" என்று சிரித்தான். வலிக்கவில்லை, கொஞ்சம் உறுத்துகிறது, அவ்வளவுதான் என்றான்.

நவராத்திரிக்காகப் பொதட்டூர்பேட்டையிலிருந்து என் நாத்தனார் வந்திருந்தார். ஆந்திர எல்லைப் பக்கம் வாழ்க்கைப்பட்டதால் அவருக்கு எந்தப் பிள்ளையும் நைனாதான். "நைனா, இப்டி வந்து குந்து. பூஜைக்கு வந்த ஜனம் பூரா உன்னியேதான் பாத்துக்கினு இருந்திச்சி. கண்ணு பட்டுகீது" என்று உப்பையும் மிளகாயையும் கையில் எடுத்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்துவிட்டார். நான் தடுப்பதற்குள் அது அடுப்பில் விழுந்தது. கண்ணில் காயத்தோடு இருக்கிற பிள்ளையை அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து மிளகாய்ப் புகை! வீடு முழுக்க இருமினோம். அவன் இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஊற்றியது.

"திருஷ்டி இருந்தா நெடி வராதுன்னு நீங்கதான சொல்வீங்க. இப்ப இந்த நெடி நெடிக்குதே?" என்றேன்.

"கொஞ்சூண்டுதான் பட்டுகீது. அதான் நெடியும் வந்துட்ச்சி" என்றார் நாத்தனார், கொஞ்சமும் அசராமல்.

மறுநாள் காலை அவன் வாசலைப் பார்த்து உட்கார்ந்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெயில் நேராக முகத்தில் விழுந்தது. இட்லி வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். இடது கண்ணின் பாப்பா மிளகு போலச் சுருங்கி வட்டமாக இருந்தது. வலது கண்ணில் அது வட்டமாக இல்லை. தர்பூசணி விதை போல ஒரு பக்கம் கூராக இழுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கூர் முனைக்குக் கீழே, பழுப்புத் திரையில், ஊசியால் குத்தியதுபோல ஒரு கரும்புள்ளி.

"கண்ண மூடு. இப்ப தொற" என்றேன்.

"சாப்புட வுடும்மா."

"மூடித் தொறடா!"

திறந்தான். இடது சுருங்கியது. வலது அசையவில்லை. எத்தனையோ வருடங்களாக ஜன்னலைத் திறந்து திறந்து பிள்ளைகளைக் கத்த வைத்தவள், வாசற்கதவைச் சாத்தி மறுபடி திறந்து பார்த்தேன்; அப்போதும் அது அசையவில்லை.

"அந்தக் கண்ணுல இன்னா தெரியுது?"

"கஞ்சித் தண்ணிக்குள்ள பாக்குறா மாரி கீது. சரியாப் பூடும்."

கணவர் நடவுக்கு ஆள் வரச் சொல்லியிருந்தார். "இன்னிக்கி ஒரு நாள் போவட்டும். நாளைக்கி நானே இட்டுக்கினு போறேன்" என்றார். நாத்தனார் அடுத்த வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வரக் கிண்ணத்தோடு கிளம்பினார், கண்ணில் விட. நான் கிண்ணத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில், வேலைக்கு வரமாட்டான் என்று சொல்ல ஷெட்டுக்குப் போன இடத்தில் மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். தன் மேல் பழி வந்துவிடுமோ என்று பயம். சட்டைப் பையில், எடுத்த கரும்புள்ளி ஒட்டியபடியே அந்த லாட்டரி சீட்டு.

மெட்ராஸ் போய்ச் சேரும் வரை மேஸ்திரி வாய் ஓயவில்லை.

"டீச்சரம்மா, எத்தினி பேரு கண்ணுல நான் எடுத்துகீறேன் தெரியுமா? ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆனதில்ல."

"கண்ணாடி போட்டிருந்தா ஒருத்தன் கண்ணுலயும் எடுக்க வேண்டியதே இல்லியே மேஸ்திரி. அது ஏன் ஆணில தொங்குது?"

"பூஜை பொட்டுமா அது."

"பொட்ட ஓரமா, பட்டை மேல வச்சா சாமி கோவிச்சிக்குமா?"

"நல்லா கேட்டீங்க போங்க. மனுசனுக்குப் பொட்டு நெத்தில வப்பாங்களா, காதுக்குப் பின்னால வப்பாங்களா?"

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மகன் சிரித்தான். அவன் சிரித்ததுதான் எனக்கு அடங்காத எரிச்சல். ஒரு கையால் வலது கண்ணை மூடுவதும் திறப்பதுமாக, போகிற தந்திக் கம்பங்களை ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

கண் ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தார். மேஸ்திரி சீட்டை நீட்டி, "எடுத்துட்டேன் சார், இதோ பாருங்க" என்றார். டாக்டர் அதையும் வாங்கிப் பார்த்தார்.

"இது மண்ணு. மேல ஒட்டியிருந்தது. இரும்பு உள்ள போயிருக்கு" என்று சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். "வேலை செய்யும்போது கண்ணாடி போடறதில்லையா?"

"பூஜை சார்."

"பூஜைக்கும் கண்ணாடிக்கும் என்னய்யா?"

"பொட்டு வச்சிருந்தோம் சார்."

டாக்டர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "அழிச்சிட்டுப் போட வேண்டியதுதானே?"

"எப்டி சார் அழிக்கிறது?" என்றார் மேஸ்திரி, உண்மையிலேயே திகைத்துப்போய்.

எக்ஸ்ரேயில் அவனை மேலே பார்க்கச் சொல்லி ஒரு படம், கீழே பார்க்கச் சொல்லி ஒரு படம் எடுத்தார்கள். இரண்டிலும் ஒரு வெள்ளைத் துளி தெரிந்தது. கடுகைவிடச் சிறியது. கண் மேலே போனால் அதுவும் நகர்ந்தது, கீழே போனால் அதற்கேற்ப இடம் மாறியது. அப்படியென்றால் அது கண்ணுக்குள்ளேதான் இருக்கிறது என்றார் டாக்டர். நான் கரும்பலகையில் வரைகிற அதே வழியாகத்தான் அது போயிருந்தது. கார்னியாவைத் துளைத்து, ஐரிஸில் ஓட்டை போட்டு, லென்ஸைக் கிழித்து, பின்னாலிருக்கும் கொழகொழப்பில் போய் உட்கார்ந்திருக்கிறது. துணுக்கு சிறிது, வேகம் அதிகம், நுழைந்த வாசல் தானாக மூடிக்கொண்டுவிட்டது. அதனால்தான் பெரிய வலியில்லை. அடிபட்ட லென்ஸ், வெந்த முட்டை போல வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அவன் சொன்ன கஞ்சித் தண்ணீர் அதுதான். இரும்பை அப்படியே விட்டால் உள்ளேயே துருப் பிடிக்கும், துரு விழித்திரையைத் தின்றுவிடும் என்றார்.

பெரிய காந்தம் ஒன்றை வைத்து எடுத்தார்கள். ஆபரேஷன் அறையின் கதவு திறந்தபோது ஒரு கணம் அதைப் பார்த்தேன். மேஸ்திரியும் எட்டிப் பார்த்துவிட்டு, "ஷெட்டுல இதுமாரி ஒண்ணு இருந்தா தரையில கெடக்குற பிசிறெல்லாம் அள்ளிக்கலாம்" என்றார். அந்த மனிதரை நான் என்ன செய்வது? சொல்லிவிட்டு அவரே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டலாம் என்று வாயெடுத்தவள் விட்டுவிட்டேன்.

துணுக்கு வந்துவிட்டது. கெட்டுப்போன லென்ஸையும் எடுத்துவிட்டார்கள். இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டி, தலை அசையாமல் இருக்க இரு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்க வைத்தார்கள். அதன் பிறகு டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். அதுதான் என்னை இன்றுவரை ஆட்டிவைக்கிறது.

"அடிபட்ட கண்ணுல பார்வை ஓரளவுதான்மா. எனக்குக் கவலை நல்ல கண்ணைப் பத்தி."

"அதுக்கு ஒண்ணும் ஆகலியே டாக்டர்?"

"ஆகலை. ஆனா கண்ணுக்கு உள்ள இருக்கற சில சதையை உடம்பு வெளியாள் மாதிரி நினைக்கும். ஒரு கண்ணு உடைஞ்சா அதை எதிர்க்கக் கத்துக்கும். கத்துக்கிட்டா நல்ல கண்ணையும் சேர்த்து எதிர்க்கும். எல்லாருக்கும் வராது. அபூர்வம்தான். ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது, வருஷம் கழிச்சும் வரலாம். அந்தக் கண்ணு சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே கூட்டிட்டு வரணும். தூசுன்னு இருந்துடக் கூடாது."

வார்டுக்குள் திரும்பினால், நடவை முடித்துவிட்டு வந்த கணவர் கட்டின் மேல் விபூதி தூவக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்தேன். மிளகாய்ப் புகையில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அந்த இடத்திலேயே கொட்டித் தீர்த்துவிட்டேன். நர்ஸ் வந்து அதட்டினாள்.

"யம்மா, கத்தாதே" என்றான் மணல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து. "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." கொஞ்ச நேரம் கழித்து, "இருட்டா இல்லமா. உள்ள கலர் கலரா இன்னாவோ ஓடுது. இது உன் பாடத்துல இல்லியே" என்றான். நான் சரிந்திருந்த மணல் மூட்டையை அவன் காதோரம் நகர்த்தி வைத்தேன்.

அவன் படுத்திருந்தபோதே ஒரு நாள் அவனுடைய சட்டையையும் டிபன் கேரியரையும் எடுக்க ஷெட்டுக்குப் போனேன். கண்ணாடிகள் இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தன. சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. அவற்றுக்கு எதிரிலேயே ஒருவர் வெறும் கண்ணோடு உளி அடித்துக்கொண்டிருந்தார். ஒரு துணுக்கு பறந்து போய்த் தகரத்தில் 'டிங்' என்று பட்டது. அந்தச் சத்தத்தில் எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. கண்ணாடிகளை ஆணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, எச்சில் தொட்டு, முந்தானையால் துடைக்க ஆரம்பித்தேன்.

"டீச்சரம்மா! எச்சி பண்றீங்களே, பூஜை பொட்டு!" என்று யாரோ கத்தினார்கள்.

"பாவம் வந்தா எனக்கு வரட்டும். போடுங்க."

உளி அடித்தவர் வாங்கவில்லை. மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சாமி படத்தைப் பார்த்தார். பிறகு குங்குமக் கிண்ணத்தைத் தேடி எடுத்து, நான் துடைத்த கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கி, அதன் ரப்பர் பட்டையில் ஒரு பொட்டு வைத்தார்.

"போட்டுக்கடா. டீச்சரம்மா சொல்றாங்க."

மகன் வீட்டுக்கு வந்தான். லென்ஸ் இல்லாத கண்ணில் எல்லாம் மசங்கலாகத்தான் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு மட்டும் தடித்த கண்ணாடி போட்டால் அதில் தெரிவது பெரிதாகவும் மற்றதில் தெரிவது சிறிதாகவும் இருந்து இரண்டும் ஒட்டாதாம். அதனால் பவர் இல்லாத கெட்டிக் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார்கள், நல்ல கண்ணுக்குக் காவலாக. ஒரு கண்ணால் பார்ப்பது என்றால் பாதி பார்ப்பது என்று நினைத்திருந்தேன். அது வேறு கஷ்டம். இரண்டு கண்ணும் ஒரே பொருளைச் சற்று வேறு வேறு இடத்திலிருந்து பார்ப்பதால்தான் நமக்குத் தூரம் தெரிகிறது. டம்ளரில் தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே ஊற்றினான். வாசற்படியில் கால் தேடினான். நான் உதவப் போனால் கோபம் வந்தது. இப்போது பழகிவிட்டான். ஷெட்டில் ஸ்டோர் அறையில் வேலை கொடுத்திருக்கிறார்கள்.

நான்தான் பழகவில்லை. தினமும் காலையில் டார்ச் விளக்கோடு அவன் முன்னால் போய் நிற்கிறேன். இடது கண் சிவந்திருக்கிறதா, கூசுகிறதா, பாப்பா சுருங்குகிறதா.

"பேஜாருமா உன்னோட. கல்யாணம் ஆனாலும் டார்ச்ச எடுத்துக்கினு வருவியா?"

"வருவேன்."

போன வருஷ சரஸ்வதி பூஜைக்கு என் புத்தகங்களை அடுக்கி வைத்துவிட்டு, சுண்டலைத் தாளிக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் புத்தகங்களின் மேல் மகனுடைய கண்ணாடி இருந்தது. கணவர் பயபக்தியோடு, வில்லைக்கு ஒன்றாக, சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார்.

"இன்னாங்க பண்ணி வச்சிருக்கீங்க!"

"பிள்ள கண்ண காப்பாத்துறது அதுதான? அதுக்கு ஒரு பொட்டு வச்சா இன்னா தப்பு?"

அவர் கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கு இருந்த அதே பயம்தான் அங்கேயும் இருந்தது. எனக்குக் கையில் டார்ச், அவருக்குச் சந்தனக் கிண்ணம். அதற்காக நான் விட்டுவிடவில்லை. துடைக்கக் கை நீட்டினேன். அதற்குள் மகன் வந்து கண்ணாடியை எடுத்து, பொட்டோடு மாட்டிக்கொண்டான். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, தடவித் தடவிக் கூடத்தைச் சுற்றினான்.

"யாருங்க அது? எங்கம்மாவா? சுண்டல் வாசன வருதே, எந்தப் பக்கம்?"

கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "கழட்டுடா!" என்று நான் போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் சிரிப்பை நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தான். முந்தானையால் துடைத்தேன். சந்தனம் இழுபட்டு வில்லை முழுக்கப் படர்ந்தது. தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்த துணியால் மறுபடி துடைத்தேன். பிரேமின் இடுக்கில் கொஞ்சம் குங்குமம் தங்கிவிட்டது, போகவில்லை. அது பரவாயில்லை, ஓரத்தில்தான் இருக்கிறது.

"காட்டு" என்றேன்.

"காலைலதானம்மா பாத்தே?"

"சந்தனம் உள்ள போயிருந்தா?"

பெருமூச்சு விட்டுக் குனிந்து முகத்தைக் காட்டினான். அலமாரி மேலிருந்த டார்ச்சை எடுத்து அடித்தேன். இடது கண்ணின் பாப்பா வட்டமாக இருந்தது. வெளிச்சம் பட்டதும் சுருங்கியது.

"சுருங்குதா டீச்சர்?" என்றான்.

"அசையாத இரு" என்று சொல்லிவிட்டு, விளக்கை ஒருமுறை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன்.